வாளியில என்ன?

அந்த ஆள் என்னை "சார்" என்று கூப்பிட்டதுமே இவன் வங்கியிலிருந்து பேசவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு வருஷமாக அந்த வங்கியில் கணக்கு வைத்திருக்கிறேன். "அடுத்து" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். "தள்ளி நில்லு" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு தடவை "ஏய், அந்த நீலச் சட்டை" என்றுகூடக் கூப்பிட்டார்கள். சார் என்று ஒருத்தரும் கூப்பிட்டதில்லை.

"வணக்கம் சார். சாப்பிட்டீங்களா சார்?"

திங்கட்கிழமை மதியம். மணல் குவியல் மேல் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறந்துகொண்டிருந்தேன்.

"இப்பதான் சாப்பிடப் போறேன். யாரு?"

"உங்க வங்கியோட தலைமை அலுவலகத்துலேருந்து பேசறோம் சார். உங்க கணக்கு இன்னைக்குச் சாயங்காலத்தோட முடங்கப் போகுது. பதறாதீங்க சார். உங்க போனுக்கு ஆறு இலக்கத்துல ஒரு நம்பர் வந்திருக்கும். அதை மட்டும் சொல்லிட்டீங்கன்னா நாங்க காப்பாத்திடுவோம்."

நம்பர் வந்திருந்தது. அதற்குக் கீழேயே "இதை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றும் வந்திருந்தது.

"வாளியில என்ன?" என்று கேட்டேன்.

"சார்?"

"வாளியில என்ன இருக்கு?"

"எந்த வாளி சார்?"

போனை வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தேன்.

வாளி விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கட்டடத்தில் எனக்குக் கயிற்று வேலை. மேலே கப்பி, நடுவில் கயிறு, ஒரு முனையில் வாளி, மறுமுனையில் நான். கொத்தனார் மேலேயிருந்து "இழு" என்றால் இழுப்பேன், "விடு" என்றால் விடுவேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் "விடு" என்று சத்தம் வந்தது, விட்டேன். சத்தம் கொடுத்தது பக்கத்துக் கட்டடத்துக் கொத்தனார், அவருடைய ஆளுக்கு. எங்கள் வாளி நிறைய ஜல்லியோடு என் தோளில் வந்து இறங்கியது. அன்றையிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம். மேலேயிருந்து யார் கத்தினாலும் கீழே இருப்பவன் "வாளியில என்ன?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். வாளியில் கை வைத்திருக்கிறவனுக்குத்தான் தெரியும், அதில் கரணை இருக்கிறதா, உடைந்த செங்கல் இருக்கிறதா, காலியா என்று. சரியான பதில் வந்தால் கயிறு நகரும். மேஸ்திரியே கத்தினாலும் சரி, அவருக்கும் அதே கேள்விதான். இதனால்தான் தளத்தில் எனக்குக் கயிறு என்றே பேர்.

சாப்பிட்டு முடித்ததும் வேலையைப் பார்த்திருக்கலாம். நான் செய்த தப்பு, முன்பு ஒரு தடவை வங்கிக் கதவில் ஒட்டியிருக்கும் நோட்டீசை முழுசாகப் படித்து வைத்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பவன், பாதியில் விட்டால் அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் ஒரே மூச்சில் பதினோரு வரியையும் படித்து முடித்தேன். வேகமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. வங்கி உங்களை அழைத்து ரகசிய எண் கேட்காது. அவசரப்படுத்தினால் சந்தேகப்படுங்கள். மிரட்டினால் துண்டியுங்கள். அட்டையின் பின்புறமுள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். உடனே கிளையில் தெரிவியுங்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில், எறும்பு ஊர்வது மாதிரி எழுத்தில், ஒரு வரி: குரல் தெரிந்தவருடையது போலவே இருந்தாலும் நம்பாதீர்கள்.

வீட்டுக்காரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் ஆயத்த ஆடைப் பட்டறையில் பித்தான் தைக்கிறவள். வலது கண்ணில் புரை. இரண்டு மாதமாகத் தடவிப் பார்த்துத்தான் தைக்கிறாள். வியாழக்கிழமை ஆபரேஷன். அன்றைக்குத் தவறினால் ஆஸ்பத்திரியில் அடுத்த தேதி நாலு மாதம் கழித்து, பட்டறைக்காரர் நாலு வாரம்கூடக் காத்திருக்க மாட்டார். ஆபரேஷனுக்குச் சேர்த்த பணம் முழுக்க அந்தக் கணக்கில்தான் இருந்தது.

"போன் வந்துச்சு, வச்சுட்டீங்க. முடிஞ்சு போச்சு," என்றாள். "எதுக்குங்க பேங்குக்குப் போறீங்க?"

"தெரிவிக்கணும்னு போட்டிருக்கு."

"போட்டிருக்குன்னா? 'உள்ளே வரவும்'னு கூடத்தான் போட்டிருக்கான். போனா விரட்டலையா?"

அவள் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போனேன்.

கவுன்ட்டரில் ஒரு மேடம் இருந்தார். நான் சொன்னதை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டுக்கொண்டு ஒரு படிவத்தை நீட்டினார். பதினெட்டுப் பக்கம். கவுன்ட்டரில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தேன், எட்டாம் பக்கத்துக்கு வருவதற்குள் இரண்டு தடவை மை நின்றுவிட்டது. உதறி உதறி எழுதினேன்.

"இழந்த தொகைன்னு இருக்கே, அதுல பூஜ்யம் போடாதீங்க. கம்ப்யூட்டர் எடுக்காது."

"ஒண்ணும் இழக்கலையே மேடம்."

"இழக்கலைன்னா எதுக்கு வந்தீங்க?"

"தெரிவிக்கலாம்னு."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அந்த நோட்டீசைப் படித்துவிட்டு வந்த முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

"திருடனோட முழுப் பேர், நிரந்தர முகவரி, அடையாள அட்டை நகல்னு கேட்டிருக்கு," என்றேன்.

"தெரியாதுன்னு போடுங்க. ஆனா தெளிவா எழுதுங்க."

எழுதி முடித்ததும் அவர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். "சரி. உங்க கணக்கைப் பாதுகாப்புல வச்சாச்சு."

"யார்கிட்டேருந்து மேடம்?"

"எல்லார்கிட்டேருந்தும்."

"நான் எடுக்கலாம்ல?"

"எல்லார்னா நீங்களும் சேர்த்துதான்." அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "தலைமை அலுவலகத்துலேருந்து போன் வரும். உறுதிப்படுத்திட்டா திறந்துடுவாங்க."

வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பணம் எடுக்கற இடத்துல பேனாவா எடுத்துட்டு வந்தீங்க?"

காதைத் தொட்டுப் பார்த்தேன். தளத்தில் பென்சிலைக் காதில் செருகிச் செருகிப் பழகின கை. வங்கிப் பேனா காதில் இருந்தது, பச்சை நிறம், மூடி கடிபட்டது, பின்னால் ஒரு முழம் நூல் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாட்டிக்கொண்டே பஸ்ஸில் வந்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று போன் வந்தது. மூன்றும் வேறு வேறு நம்பர், பேச்சு மட்டும் ஒன்றுதான்.

"பேங்க்லேருந்து பேசறோம். புகார் குடுத்தது நீதானே? போனுக்கு வந்த நம்பரைச் சொல்லு."

"அதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கீங்களே."

"நாங்க யாரோ இல்லய்யா. நாங்கதான் ஒட்டினதே. சீக்கிரம் சொல்லு, ரெண்டு நிமிஷத்துல காலாவதி ஆயிடும்."

அவசரப்படுத்தினால் சந்தேகப்பட வேண்டும். "வாளியில என்ன?" என்று கேட்டேன்.

"என்ன திமிரா? சொல்லலேன்னா கணக்கை நிரந்தரமா மூடிடுவோம்!"

மிரட்டினால் துண்டிக்க வேண்டும். துண்டித்தேன். அட்டையின் பின்னால் இருந்த எண்ணுக்கு நானே அழைத்தேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஒரு பெண் குரல் சொன்னது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. போனில் காசு தீரும்வரை நான் முக்கியமாகவே இருந்தேன்.

புதன்கிழமை காலையில் மறுபடி கிளைக்குப் போனேன். இந்தத் தடவை மேனேஜர் அறைக்கே அனுப்பினார்கள். என் மேல் புகார் இருந்தது.

"வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை," என்று மேனேஜர் திரையைப் பார்த்துப் படித்தார். "மூணு தடவை கூப்பிட்டும் தொடர்பைத் துண்டித்தார். சம்பந்தமில்லாமல் வாளியைப் பற்றி விசாரித்தார். என்னய்யா இது?"

"திருடனா பேங்கான்னு தெரியலீங்க."

"தெரியாதா? பேச்சுலேயே தெரிய வேணாம்? திருடன் பணிவா பேசுவான்யா. நம்ம ஆளுங்க யாராவது பணிவா பேசி நீ கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை என்று ஒப்புக்கொண்டேன். நாளைக்கு ஆபரேஷன் என்பதையும் சொன்னேன். அவருக்கும் இரக்கம் வந்திருக்க வேண்டும், விரல் ரேகைக் கருவியை என் பக்கம் தள்ளினார். பெருவிரலை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்தேன். பத்துக்கும் சிவப்பு. திரையில் "இப்படி ஒருவர் இல்லை" என்று வந்தது.

"ரேகையே இல்லையேய்யா உனக்கு!"

"சிமென்ட்ல தேஞ்சு போச்சுங்க. இந்த மாடி கட்டறப்போ செங்கல் ஏத்தினது நான்தான். என் ரேகை இந்தச் சுவத்துலதான் எங்கயாவது இருக்கும், பார்த்துக்கங்க."

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"இன்னைக்கு மூணு மணிக்கு மாடி ஹால்ல விழிப்புணர்வுக் கூட்டம். பாதிக்கப்பட்டவர் ஒருத்தர் மேடையில வேணும்னு மேலிடத்து உத்தரவு. ஒருத்தரும் கிடைக்கலே. நீ வா. பேசு. முடிஞ்சதும் உன் பாதுகாப்பு நீக்கத்துல கையெழுத்துப் போட்டுடறேன்."

"திருடனால நான் பாதிக்கப்படலீங்களே."

"கணக்கு முடங்கியிருக்கில்ல?"

"அது நீங்க முடக்கினது."

"பாதிப்பு பாதிப்புதானே! யாரால வந்தா என்ன?"

மூன்று மணிக்கு மாடி ஹாலில் நாற்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் பணம் எடுக்க வந்தவர்கள். டீ உண்டு என்று சொல்லி மேலே ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள். முதலில் நான் பேசினேன். எனக்குத் தெரிந்தது கயிறும் வாளியும்தான், அதைச் சொன்னேன். தோள் எலும்பு முறிந்ததைச் சொன்னேன். கத்துறவன் யாராக இருந்தாலும் முதலில் வாளியில் என்ன என்று கேளுங்கள் என்றேன். பின்வரிசையில் ஒருத்தர் கொட்டாவி விட்டார். மேனேஜர் தன் உரையைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஓரமாக நின்ற கவுன்ட்டர் மேடம் மட்டும் கேட்ட மாதிரி இருந்தது.

பிறகு மேனேஜர் மைக்கைப் பிடித்தார்.

"அன்பான வாடிக்கையாளர்களே! நம் வங்கி உங்களை ஒருபோதும் அழைத்து ரகசியம் கேட்காது. நீங்கள் எங்களை அழைத்தாலும் நாங்கள் எளிதில் எடுக்க மாட்டோம். அவ்வளவு பாதுகாப்பு! சென்ற ஆண்டு இந்தக் கிளையில் எழுபது புகார்கள். இந்த ஆண்டு மூன்றே மூன்று. எப்படிச் சாதித்தோம்? படிவத்தை ஆறு பக்கத்திலிருந்து பதினெட்டுப் பக்கமாக்கினோம்! திருடன் உங்களை அவசரப்படுத்துவான். மிரட்டுவான். மேலதிகாரி போலப் பேசுவான். படித்தவர்கள் ஏமாறுவதில்லை. ஏமாறுவதெல்லாம்..." என்று என் பக்கம் கையை நீட்டினார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. ஒரு கையில் மைக், மறுகையில் போன். எடுத்த அவசரத்தில் விரல் பட்டு ஸ்பீக்கரில் போய்விட்டது, மைக்கையும் அணைக்க மறந்துவிட்டார். ஹால் முழுக்கக் கேட்டது.

"என்னய்யா கிழிச்சிட்டிருக்கே அங்க?"

மேனேஜர் விறைப்பாக நின்றார். நின்றுகொண்டிருந்தவர்தான், இன்னும் நின்றார். "சார், விழிப்புணர்வுக் கூட்டம் சார்."

"தலைமை அலுவலகம். உன் கிளையிலதான் ஓட்டை. உன் பேர்ல பணம் வெளியே போயிட்டிருக்கு, நீ அங்க கூட்டம் போடறியா? உன் வேலை போகணுமா இருக்கணுமா? போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், படி!"

"இதோ சார். வந்திருக்கு சார். நாலு... ஏழு..."

குரல் எனக்குப் பழக்கமான குரல். திங்கட்கிழமை நான் சாப்பிட்டேனா என்று விசாரித்த அதே குரல். எனக்கு மரியாதை கொடுத்துக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டவன், இரண்டே நாளில் பாடம் படித்துவிட்டான்.

நான் எழுந்தேன். உட்கார்ந்தேன். குரல் ஒரே மாதிரி இருந்து, ஆள் நிஜமாகவே தலைமை அலுவலகமாக இருந்தால்? கையெழுத்து இன்னும் போடவில்லை. ஆபரேஷன் நாளைக்குக் காலை எட்டு மணிக்கு.

"ரெண்டு... ஏழு..." என்றார் மேனேஜர். இன்னும் இரண்டு இலக்கம்தான்.

வாளி தலைக்கு மேலே இறங்கி வருகிறபோது கை யோசிப்பதில்லை. போனைப் பிடுங்கி, "வாளியில என்ன?" என்று கேட்டேன்.

அந்தக் குரல் மெதுவாக, "நீங்களா சார்?" என்றது. வைத்துவிட்டான்.

ஹாலில் ஒருத்தர் கை தட்டினார். மேனேஜர் என் சட்டையைப் பிடித்தார்.

"தலைமை அலுவலகத்துப் போனைக் கட் பண்ணிட்டியேடா பாவி!"

"பின்பக்கத்து நம்பருக்கு நீங்களே அடிச்சுக் கேளுங்க. நோட்டீஸ்ல அப்படித்தான் இருக்கு."

"எந்த நோட்டீஸ்?"

என் அட்டையை எடுத்து எண்ணைப் படித்துக் காட்டினேன். அவர் அழைத்தார். இருபத்தாறு நிமிஷம் அவருடைய அழைப்பு மிகவும் முக்கியமாக இருந்தது. மைக் இன்னும் அணையவில்லை. நாற்பது பேரும் டீ குடித்துக்கொண்டே அந்தப் பாட்டைக் கேட்டோம். கடைசியில் ஒரு பெண் எடுத்தார். தலைமை அலுவலகத்திலிருந்து யாரும் அழைக்கவில்லை என்றார். மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க யாரு பேசறது?" என்றார் அந்தப் பெண்.

"கிளை மேனேஜர்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. உங்க முதல் பள்ளிக்கூடத்தோட பேரைச் சொல்லுங்க."

சொன்னார். தப்பு என்றார்கள். "நான் படிச்ச பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாதா?" என்று கத்தினார். கத்தினதையும் குறித்துக்கொண்டார்கள். இரண்டு நிமிஷத்தில் அவருடைய கணக்கு, கையெழுத்து, முத்திரை எல்லாவற்றையும் பாதுகாப்பில் வைத்துவிட்டார்கள்.

"யார்கிட்டேருந்து?" என்று கேட்டார் மேனேஜர்.

"எல்லார்கிட்டேருந்தும்," என்றது போன்.

ஆக, அவரைக் காப்பாற்றியதில் எனக்கு மிஞ்சியது இதுதான்: கையெழுத்துப் போட வேண்டியவரின் கையெழுத்து இனிமேல் செல்லாது. மணி நாலேகால். கீழே வந்து கவுன்ட்டர் முன்னால் நின்றேன். வீட்டுக்காரி எப்படித் தடவித் தடவிப் பித்தானைத் துளையோடு சேர்ப்பாள் என்பதுதான் கண்ணுக்குள் நின்றது.

மேடம் ஒரு தடித்த விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "மேனேஜர் செயல்பட முடியாத நிலையில் அடுத்த நிலையிலுள்ளவர் கையெழுத்திடலாம்," என்று படித்தார். "அடுத்தது நான்தான். ஆனா நீங்க நீங்கதான்னு நான் உறுதி பண்ணணும். ரேகை கிடையாது. போன்லயும் நம்பர் சொல்ல மாட்டீங்க."

"சொல்ல மாட்டேன் மேடம்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"வாளியில என்ன?"

"எந்த வாளி மேடம்?" என்றேன்.

"திங்கட்கிழமை இங்கேருந்து ஒண்ணு எடுத்துட்டுப் போனீங்க. எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும். என்ன அது?"

"பச்சைப் பேனா மேடம். மூடி கடிச்சிருக்கும். கூடவே ஒரு முழம் நூல்."

"கடிச்சது நான்தான்," என்றார். முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். 'அடையாளம் உறுதி செய்யப்பட்ட விதம்' என்ற இடத்தில் ஒரே சொல்தான் எழுதினார்: பேனா. கம்ப்யூட்டர் அதை எடுத்துக்கொண்டது. பூஜ்யத்தை எடுக்காத கம்ப்யூட்டர் அது.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு ஆபரேஷன் நடந்தது. மறுநாள் கட்டுப் பிரித்ததும் வீட்டுக்காரி என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். "இவ்வளவு நரைச்சிடுச்சா உங்களுக்கு?" என்றாள். "நாலு நாளைக்கு முன்னால இல்ல," என்றேன்.

பத்து நாள் கழித்து, அவள் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம், போன் வந்தது. புது நம்பர். ஸ்பீக்கரில் போட்டேன்.

"யோவ், நான்தான்யா மேனேஜர் பேசறேன். என் கணக்கை இன்னும் திறக்கலே. நான் நான்தான்னு ஒரு வாடிக்கையாளர் சாட்சி சொல்லணுமாம். உன் பேரைக் குடுத்திருக்கேன். உன் போனுக்கு ஆறு இலக்கத்துல ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லு. சீக்கிரம்யா, ரெண்டு நிமிஷந்தான் இருக்கு."

நம்பர் வந்தது. கீழே "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றும் வந்தது.

"வாளியில என்ன?" என்று கேட்டேன்.

"என்ன வாளி?"

"அன்னைக்கு மேடையில சொன்னேனே. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க."

"நீ பேசினதை எவன்யா கேட்டான்? நம்பரைச் சொல்லு!"

துண்டித்தேன்.

வீட்டுக்காரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஒரே தடவையில் கோத்துவிட்டாள். "ஏங்க, அது நிஜமாவே அவர் குரல் மாதிரிதான் இருந்துச்சு," என்றாள்.

"மாதிரிதான் இருந்துச்சு," என்றேன். "நோட்டீஸ்ல கடைசி வரியில போட்டிருக்கான்."